லாஞ்சுக்குத் தைத்த எட்டு மெத்தைகள்

பாளையங்கோட்டையில் ஹெப்சிபாவின் தையலுக்கு நல்ல பெயர் இருந்தது. கணவன் இறந்துபோன பிறகு மிஷன் பங்களாக்களுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துத்தான் மகள் லில்லியை வளர்த்தாள். 1912-ஆம் வருஷம் மாசி மாதம், அவளுடைய தம்பி சாலமோன் புன்னைக்காயலிலிருந்து ஒரு வண்டி நிறையப் பழைய மெத்தைகளோடு வந்து இறங்கினான்.

சாலமோன் தச்சன். காயல்பட்டினத்து வியாபாரி அகமது மீரான் ஏலத்தில் எடுத்த பழைய நீராவி லாஞ்சுப் படகு ஒன்றை, புன்னைக்காயலில் ஆறு கடலில் சேரும் இடத்தில் கரையேற்றி வைத்திருந்தார்கள். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் போய்வர வசதியாக அதன் உள்ளறையைப் புதுப்பிக்கும் வேலை சாலமோனுக்கு. உளுத்த பலகைகளைப் பெயர்த்துத் தேக்கு அடித்துவிட்டான். இருபக்கமும் நீள இருக்கை, மடக்கு மேசை, சன்னல்களுக்குப் பித்தளைக் கொண்டி. மெத்தை மட்டும்தான் பாக்கி.

"துணி புதுசு எடுத்துத் தந்திருக்காவ அக்கா. பஞ்சு இதுலயே நல்லாத்தான் இருக்கு. ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டு அடைச்சிரு."

ஹெப்சிபா மெத்தைகளைப் பிரித்தாள். இலவம்பஞ்சு கட்டிகட்டியாக இறுகியிருந்தது. ஆறு வயது லில்லிக்கு அதைப் பிய்ப்பது விளையாட்டு. மத்தியானம் களைத்துப்போய்ப் பஞ்சுக் குவியலிலேயே தூங்கினாள்.

ஒரு வாரத்தில் எட்டு மெத்தைகளும் வண்டியேறின. அடுத்த ஐந்தாம் நாள் லில்லிக்குக் காய்ச்சல். நாலு நாளில் முகமெல்லாம் முத்துமுத்தாகப் போட்டுவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மாள் வாசலில் நின்றபடியே பெரியம்மை என்றாள். ஹெப்சிபாவுக்குச் சின்ன வயதிலேயே தடுப்புக்கு அம்மை குத்தியிருந்தது. போன வருஷம் குத்த வந்தபோது லில்லிக்குக் கக்குவான் இருமல். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் பிள்ளை இறந்தது. பெட்டியைத் தூக்க, முன்பே அம்மை கண்டு தழும்பேறிய இரண்டு பேர் மட்டும் வந்தார்கள்.

மறுநாள் காலை சாலமோன் வந்தான். வேலிக்கு வெளியிலேயே நின்று அழுதான். தெருவில் வேறு எந்த வீட்டிலும் அம்மை இல்லை என்பது ஹெப்சிபாவுக்குத் தெரியும்.

"லே, அந்த மெத்தையில யாருலே படுத்துக் கெடந்தா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கப்பல்ல அம்மை கண்டவங்கள அந்த லாஞ்சுலதான் கரைக்குக் கொண்டு வருவாவளாம். மீரான் அண்ணாச்சி எரிக்கத்தான் சொன்னாவ. புதுப் பஞ்சுக்குத் தந்த காசு மிஞ்சுமேன்னு பாத்தேன். வெயில்ல காய்ஞ்சா ஒண்ணும் செய்யாதுன்னு நெனைச்சேன் அக்கா. எரிச்சாச்சுன்னு சொல்லிப்போட்டேன்."

"இப்ப அது எங்கன இருக்கு?"

"லாஞ்சுல. வார வெள்ளிக்கெழம அவுக வீட்டுப் பிள்ளையளு ஏறுது."

"போய்ச் சொல்லு."

"என்னால முடியாது அக்கா."

அம்மை வீட்டுக்காரியை எந்த வண்டிக்காரன் ஏற்றுவான்? ஹெப்சிபா அன்றே நடக்கத் தொடங்கினாள். எதிரே ஆள் வந்தால் வயலில் இறங்கி ஒதுங்கினாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டி, ஏரல் தாண்டி, வியாழக்கிழமை மத்தியானம் புன்னைக்காயல் மணலில் போய் நின்றாள். லாஞ்சு புது வர்ணப் பூச்சோடு தண்ணீரில் மிதந்தது. கரையில் நின்ற அகமது மீரான் அவளைப் பார்த்து நடந்து வந்தார்.

"கிட்ட வராதீய அண்ணாச்சி!" என்று கத்தினாள். நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. "ஒம் மவ இப்ப எப்படிம்மா இருக்கா?"

"செவ்வாக்கெழம அடக்கம் பண்ணியாச்சு."

அம்மைத் தழும்புள்ள கிழட்டு மீனவர் ஒருவரை வைத்து மெத்தைகளைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். அகமது மீரானே மண்ணெண்ணெய் ஊற்றினார். அப்புறமும் மனம் ஆறாமல் இருக்கை, மேசை, தேக்குப் பலகை என்று சாலமோன் செய்த அத்தனையையும் பெயர்க்கச் சொல்லித் தீயில் போட்டார். ஹெப்சிபா தூரத்தில் மணலில் உட்கார்ந்து அது எரிந்து தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

வேறு யாருக்கும் அம்மை காணவில்லை. அவள் வீடு திரும்பியபோது சாலமோன் ஊரில் இல்லை. கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

வருஷந்தோறும் கிறிஸ்துமஸுக்கு அவனிடமிருந்து கடிதம் வந்தது. ஹெப்சிபா படித்தாள், ஒன்றுக்கும் பதில் போடவில்லை. 1917-இல் கடிதம் வரவில்லை. தை முழுவதும் தபால்காரரை மறித்துக் கேட்டாள். மாசியிலும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.