நூற்றிருபதாவது பூஜ்யம்

என் தங்கைக்குச் சிரிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் கல்யாணத்தில் போட்டோக்காரர் கெஞ்சிக் கேட்டும் வரவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் வந்து, டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் செய்யும் பிரிவில் அவளுக்கு அரைநாள் வேலை. முழுநாள் ஆக்குகிறோம் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலைக்கு நாலு வருஷம் படித்தாள். படிப்புக்கு வாங்கிய கடனில் ஒரு வீடே கட்டியிருக்கலாம், மாடியோடு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான். அவள் கட்டாவிட்டால் என் தையல் கடை கைவிட்டுப் போகும்.

படித்தவர்கள் பலரும் இப்படி முழி பிதுங்கி நின்றதால் அரசாங்கம் ஒரு உதவித் திட்டம் கொண்டுவந்தது. வருமானத்துக்குத் தக்கபடி தவணை. நூற்றிருபது மாதம் விடாமல் கட்டினால் மிச்சக் கடன் தள்ளுபடி. நடுவில் ஒரே ஒரு மாதம் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. தங்கையின் சம்பளச் சீட்டைப் பார்த்த அதிகாரி கணக்குப் போட்டார், நம்பாமல் மறுபடி போட்டார், மாதத் தவணை பூஜ்யம் என்று எழுதினார். பூஜ்யமானாலும் தவணை தவணைதானாம். மாதம் முடிவதற்குள் கடன் அலுவலகத்துக்கு நேரில் போய், பூஜ்யத்தைக் கட்டி, ரசீது வாங்க வேண்டும்.

இப்படி நூற்றுப் பத்தொன்பது ரசீதுகள். எல்லாம் என் பீரோவில் இருந்தன. அவளிடம் விட்டால் பின்பக்கத்தில் யாருடைய கால் அளவையாவது குறித்துவைப்பாள்.

கடைசித் தவணைக்குக் கடைசி நாள் வந்தது. நாலு மணிக்குக் கவுண்ட்டர் மூடிவிடும். மூன்றரைக்கு நான் வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், முழங்கை வரை கால் அச்செடுக்கும் வெள்ளை மாவோடு அவள் ஓடி வருகிறாள்.

"இன்னிக்குமாடி?"

"அக்கா, ஒருத்தர் இன்னிக்குத்தான் புதுக் காலோட நடந்தாரு. கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்புங்கன்னேன். திரும்பவே இல்ல. அப்படியே பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாரு. அவரு கண்ணாடியும் பையும் என்கிட்ட. பின்னாடியே ஓடினேன்."

அவளைத் திட்ட நேரமில்லாததால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன்.

கவுண்ட்டரில் இருந்த பெண் பூஜ்யத்தை அழுத்தினாள். மெஷின் கீச்சென்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி கீச்.

"புது மெஷின்ங்க. காலையிலதான் மாட்டினாங்க. பூஜ்யத்தை எடுக்க மாட்டேங்குது. குறைஞ்சது ஒண்ணாவது வேணுமாம்."

"அப்ப ஒண்ணு வாங்கிக்கம்மா" என்றேன்.

"ஒண்ணு வாங்கினா அது தவணை ஆகாதுங்க. உங்க தவணை பூஜ்யம். கூடக் கட்டினா முன்பணம்னு வேற கணக்குக்குப் போயிடும். இந்த மாசம் கட்டாத மாசம் ஆயிடும்."

பத்து வருஷம் கட்டிய பூஜ்யமெல்லாம் வீணாகப் போகிறது, தங்கையோ உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். தோள் குலுங்கியது.

"சிரிச்சே, கொன்னுடுவேன்."

"சிரிக்கலக்கா" என்று சொல்லும்போதே வெடித்துவிட்டது. கவுண்ட்டர் பெண்ணுக்கும் தொற்றியது. வரிசையில் நின்றவர் என்ன விஷயம் என்று கேட்டார், கேட்டுவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார்.

மணி மூன்று ஐம்பது. மேனேஜர் யோசித்தார். "ஒண்ணு வரவு வெச்சு, அந்த ஒண்ணையே திருப்பிக் குடுத்துடலாம். மொத்தத்துல பூஜ்யம்தானே."

மெஷின் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. திருப்பிக் கொடுக்க மட்டும் காரணம் கேட்டது. மூன்று காரணங்களில் ஒன்றைத்தான் சொல்லலாம்: இரண்டு முறை கட்டப்பட்டது, கடன் வாங்கியவர் இறந்துவிட்டார், கடன் முடிந்துவிட்டது.

"நான் செத்துட்டேன்னே போடுங்க சார். ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"நீ சும்மா இரு" என்றேன்.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "கடன் முடிஞ்சுதுன்னு போடலாம். ஆனா இந்தத் தவணை ஏறினாத்தானே கடன் முடியும்? கடன் முடிஞ்சாத்தான் இந்தத் தவணையே ஏறும்."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், இவ ஒரு மாசம் தவறினதில்ல. காய்ச்சலோட வந்திருக்கா. பிள்ளை பெத்த பன்னெண்டாம் நாள் வந்திருக்கா, பூஜ்யம் கட்ட. நாலு மணிக்கு முடியப்போற கடன். அஞ்சு நிமிஷம் முன்னாடி முடிஞ்சுதுன்னு போட்டா எந்தக் குடி முழுகிடும்?"

குரல் உடைந்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது. மேனேஜர் ரெஜிஸ்டரை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மெஷினில் மூன்றாவது காரணத்தை அழுத்தினார்.

கவுண்ட்டர் பெண் தங்கையிடம் ஒற்றைக் காசை வாங்கினாள், ரசீது எடுத்தாள், அதே காசை நீட்டினாள். பழக்க தோஷத்தில், "எண்ணிப் பாத்துக்குங்க, அப்புறம் வந்து கேக்கக் கூடாது" என்றாள்.

தங்கை காசைப் பார்த்தாள். "சரியா இருக்கு."

அவ்வளவுதான், வரிசை மொத்தமும் சிரித்தது. மேனேஜர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஆரவாரத்துக்கு நடுவே மெஷின் இரண்டாவது சீட்டைத் துப்பியது. மொத்தம் பூஜ்யம். தவணை நூற்றிருபது. மிச்சக் கடன் தள்ளுபடி.

"ஜாமீன் போட்டது யாரு?" என்று மேனேஜர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பழைய பத்திரத்தில் என் பெயரைக் குறுக்கே அடித்தார்.

"அவ்வளவுதான். நீங்க போகலாம்மா."

போக முடியவில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்துவிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக. தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டு என் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

"அக்கா. பத்து வருஷமா பயந்துக்கிட்டேவா இருந்தே?"

"ஆமாண்டி."

"ஒரு வார்த்தை சொல்லலையே. திட்டத்தானே செஞ்சே."

"சொல்லியிருந்தா நீ சிரிச்சிருக்க மாட்டே" என்றேன்.