சிவந்துபோன பதினோரு சட்டைகள்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு, எங்கள் தோட்டத்து லயத்தில், தண்ணீர் கொட்டும் பீலியடியில், பதினோரு மஞ்சள் சட்டைகள் என் கண் முன்னாலேயே சிவந்தன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க ஓடும் அவசரத்தில் வாளியை என் பக்கம் தள்ளி, சட்டைகளை வெறும் தண்ணீரில் அலசி அடுப்புக்கு மேலே கொடியில் போடச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முதல் நாள் பயிற்சியில் அப்பிய சேறு தண்ணீரில் போவதாகத் தெரியவில்லை. அண்ணனின் ஃபுட்போல் அணி சேற்றோடு மைதானத்தில் நிற்பதா? மாடத்திலிருந்த புதுச் சவர்க்காரக் கட்டியை எடுத்துத் தேய்த்தேன். தேய்த்த இடம் சிவந்தது. அந்தச் சிவப்பைப் போக்க இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டேன். அது இன்னும் சிவந்தது. ஒரு சட்டையோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, பதினொன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டேன்.

இப்போது என் மகளும் ஒரு கல்லூரி அணியில் ஃபுட்போல் விளையாடுகிறாள். அணிக்கு என்ன நிறத்தில் ஜேர்சி போடுவது என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகச் சண்டை நடக்கிறது. நேற்று நானுஓயாப் பக்கத்தில் ஒரு மேட்ச். மகள் பந்தோடு விழுந்து ஒரு நிமிடம் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவள் இரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினாள். நான்தான் இரண்டு தரம் எழுந்து போய் அவள் முழங்காலைப் பார்த்துவிட்டு வந்தேன். குழுவில் என் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சட்டை நிறம் என்றால் அந்தப் பீலியடிதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் கல்லூரி, பெயரில்தான் கல்லூரி. ஆறாம் வகுப்பிலிருந்து ஏ.எல். வரை உள்ள தோட்டப்புறத்துப் பள்ளிக்கூடம். மைதானம் மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். மேல் பக்கம் மண் சுவர், கீழ்ப் பக்கம் வேலி கிடையாது. கோடு தாண்டினால் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே ஆறு. பந்தை உயர்த்தி அடித்தால் அது கீழேதான் போகும். அடித்தவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும் என்பது சட்டம். கால் முழுக்கக் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சி கீறி, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு திரும்பக் கால் மணி நேரம் ஆகும். அதனால் எங்கள் பையன்கள் யாரும் பந்தைத் தூக்கி அடிப்பதில்லை. தரையோடு தரையாக, பக்கத்தில் நிற்பவனின் காலுக்கு உருட்டிவிடுவார்கள். அவன் அடுத்தவனுக்கு உருட்டுவான். வெளியூர்ப் பையன்கள் இதைப் பார்த்து, "கோலி விளையாடுறானுங்க" என்று சிரிப்பார்கள்.

அண்ணன்தான் கேப்டன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குசினித் தரையில் பதினோரு கூழாங்கற்களை வரிசையாக வைப்பான். ஓரத்துக் கல்லை எடுத்துவிட்டு, அடுத்த கல்லை அந்த இடத்துக்குத் தள்ளுவான். பிறகு ஓரத்துக் கல்லைத் திரும்ப வைத்து, தள்ளிய கல்லைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவான். இதையே நூறு தரம் செய்வான். அம்மா பானையோடு அந்தக் கற்களைத் தாண்டிப் போகும்போது, "கல்லாங்கா ஆடுற வயசா இது?" என்பாள்.

மூன்று வருடமாக முதல் மேட்சிலேயே தோற்று வந்துகொண்டிருந்தோம். இந்த முறையும் தோற்றால் பந்து தன் அலுமாரிக்குள் போய்விடும், எல்லாரும் டியூஷனுக்குப் போகலாம் என்று பள்ளிக்கூட அதிபர் முடிவாகச் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அது கடைசி வருடம். நாலு வருடமாக உருட்டி உருட்டிச் சேர்த்த அணி அது.

தோற்பதற்குக் காரணம் சட்டைதான் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். எல்லாரும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் ஆடினால் எவன் மதிப்பான்? வாங்க வழியில்லை. ஆனால் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்துக் கட்டுவது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் கைவந்த வேலை. பழைய சட்டைகளின் கொலரை வெட்டி, அண்டாவில் மஞ்சள் கரைத்து முக்கி எடுத்தார்கள். தேயிலைப் பெட்டிக்கு இலக்கம் அடிக்கும் தகரத் தட்டைத் தொழிற்சாலையிலிருந்து இரவல் வாங்கி, முதுகில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை அடித்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு பையன்கள் நடந்த நடையே வேறு. காப்புத் துணியை யாரும் சவர்க்காரம் போட்டுத் துவைப்பதில்லை என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

குங்குமத்தைப் போலச் சிவந்த சட்டைகளைப் பார்த்து, அம்மனுக்குரிய மஞ்சளை விளையாட்டுக்கு எடுத்ததால் வந்த கோபம் இது என்று முடிவு செய்தேன். எலுமிச்சஞ்சாறு பட்டால் மஞ்சள் திரும்பிவிடும் என்று போன வருடம் மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தேன். அன்று எங்கள் வாசல் நிலையிலேயே கண்ணேறுக்காக ஒரு எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அழுதேன்.

அண்ணன் வந்து கொடியைப் பார்த்தான். ஒரு சட்டையை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தான். மாடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அதற்குள் அவனுடைய கூட்டாளிகள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

"என்னடா இது, ரத்தக் காவு குடுத்த மாதிரி?" என்றான் கோல் காக்கிறவன்.

"மஞ்ச சரியில்லடா. கடையில என்னத்தையோ கலந்து குடுத்துட்டான்" என்றான் அண்ணன்.

அண்ணன் ஏமாந்துவிட்டான் என்று எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஆனால் நிம்மதி அங்கேயே முடிந்தது. எங்களோடு மோதவிருந்த டவுன் கல்லூரியின் நிறம் சிவப்பு.

அன்றைய மேட்ச் நோர்வூட்டில், நல்ல சமதரை மைதானத்தில். அம்மாவால் வர முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். கொழுந்து மலையில் ஆளுக்கு ஒரு நெரை, அதாவது ஒரு வரிசைத் தேயிலை. கங்காணி பிடித்துக் கொடுத்த நெரையை விட்டு யாரும் அடுத்தவள் நெரைக்குள் போகக் கூடாது. ஆனால் பக்கத்து நெரைக்காரி பின்தங்கினால், போய்க் கை கொடுத்து அவளையும் கூட்டிக்கொண்டு, திரும்பத் தன் நெரைக்கு வந்துவிட வேண்டும். "பக்கத்து நெரைக்காரிக்கு மேலுக்கு முடியல. அவ நெரையையும் நான்தான் இழுக்கணும். பந்தாட்டம் பாக்க நான் எங்க வாறது?" என்றிருந்தாள். நான் அடம்பிடித்து அண்ணனோடு போனேன். என் குற்றம் என்ன ஆகிறது என்று பார்க்காமல் என்னால் வீட்டில் இருக்க முடியாது.

இரண்டு அணியும் சிவப்பாக வந்து நின்றதும் ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். டவுன் பையன்கள் புத்தம் புது ஜேர்சியில் பளபளவென்று நின்றார்கள்.

"எங்க சட்டையத் தேயிலைச் சாயத்துல முக்கி எடுத்தீங்களாடா?" என்று ஒருவன் கேட்டான்.

ஒரு பக்கம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேட்ச் இல்லை என்றார் ரெஃப்ரி. எங்களோடு வந்திருந்த, கணக்குப் படிப்பிக்கும் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றித் தெரிந்தவர். அவர் ரெஃப்ரியோடு சிங்களத்தில் பத்து நிமிடம் வாதாடிவிட்டுத் திரும்பி வந்தார். "சிவப்பைத் தவிர வேற என்னத்தை எண்டாலும் போட்டுக்கொண்டு வாங்கோடா. அந்தாள் அதுக்கு ஓமெண்டிட்டார்" என்றார்.

வீட்டிலிருந்து போட்டு வந்ததைப் போட்டார்கள். ஒருவன் கட்டம் போட்ட சட்டை. ஒருவன் அப்பாவின் காக்கி. ஒருவன் பிஸ்கட் விளம்பரம் போட்ட பனியன். கோல்காரன் பச்சைக் கம்பளிச் சுவெட்டர். வீட்டிலிருந்தே சிவப்பு அச்சுப் போட்ட சட்டையில் வந்த ஒருவன், வெளுப்பாக இருந்த உள்பக்கம் வெளியே வரும்படி அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. "ஏய், டீம் எங்கடா? ஞாயித்துச் சந்தைதானே வந்திருக்கு!"

நான் சிவப்புச் சட்டைகள் இருந்த பையின் மேல் உட்கார்ந்து, அதை யாரும் பார்க்காதபடி பாவாடையால் மூடிக்கொண்டேன்.

முதல் இருபது நிமிடம் பார்க்கச் சகிக்கவில்லை. சிரிப்பு பையன்களின் காலில் ஏறிவிட்டது. பந்து வந்தால் போதும், அதைத் தொலைத்துவிட வேண்டும் என்பதுபோல வானத்துக்கு அடித்தார்கள். டவுன் கல்லூரி உயரத்தில் ஆடிப் பழகிய அணி. தலையால் முட்டி முட்டி இரண்டு தரம் கம்பத்தில் அடித்தார்கள். அடுத்த தரம் அவர்கள் முட்ட வந்ததும் எங்கள் ஆள் ஒருவன் பந்தைக் கூட்டத்துக்கு அப்பால் தூக்கி அடித்தபோது, அண்ணன் நடு மைதானத்தில் இடுப்பில் கை வைத்து நின்று கத்தினான்.

"டேய்! கீழ போயிருச்சுடா! யாருடா எறங்கி எடுக்கிறது? கண்டாக்கையா நிக்கிறாரு!"

அங்கே கீழே என்று ஒன்று இல்லை. சரிவு இல்லை, தேயிலை இல்லை, கண்டாக்கையா இல்லை. எங்கள் பதினோரு பேருக்கு மட்டும் அது விளங்கியது. முதலில் கோல்காரன் சிரித்தான். பிறகு பிஸ்கட் பனியன் சிரித்தான். அதற்குப் பிறகு அவர்கள் யாருமே பந்தைத் தூக்கி அடிக்கவில்லை.

அந்தச் சமதரையிலும் ஓரத்தில் பள்ளம் இருப்பதுபோலவே ஆடினார்கள். காக்கியிடமிருந்து கட்டத்துக்கு, கட்டத்திடமிருந்து பனியனுக்கு, புல்லோடு புல்லாகப் பந்து உருண்டது. தலை நிமிராமலே, அடுத்தவன் எங்கே நிற்பான் என்று தெரிந்து உருட்டினார்கள். டவுன் பையன்கள் பந்து மேலே வரும், மேலே வரும் என்று காத்திருந்து களைத்தார்கள். இடைவேளைக்குப் பிறகு, உள்பக்கம் வெளியே போட்டவன் டவுன் கோல்காரனின் கால்களுக்கு நடுவே பந்தை உருட்டிவிட்டான். ஒன்றுக்குப் பூச்சியம். மேட்ச் முடியும்வரை அந்தக் கணக்கு மாறவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது மாறாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

கடைசிப் பத்து நிமிடம் தூறல் பிடித்தது. இடது ஓரத்தில் நின்ற பனியன்காரனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மாற்ற ஆள் இல்லை. அவன் நொண்டுவதைப் பார்த்ததும் டவுன் அணி முழுவதும் அந்தப் பக்கமாகவே வந்தது. அண்ணன் மறுபக்கத்தில் ஒருவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. பையின் மேலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். பகல் கொழுந்து நிறுவை முடிந்ததும் குறுக்குப் பாதையில் ஓடி வந்திருக்கிறாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கூட அவிழ்க்கவில்லை, தலைத்துண்டில் தண்ணீர் சொட்டியது. சவர்க்காரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா வாழ்நாளில் ஃபுட்போல் பார்த்ததில்லை. எந்தக் கம்பம் எங்களுடையது என்று கேட்கவும் இல்லை. பத்து மூச்சு நேரம் மைதானத்தை அளந்தாள். பிறகு வாயின் இரு பக்கமும் கையை வைத்து, ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கூப்பிடும் குரலில் கத்தினாள்.

"ஏய்! ஓர நெரையில ஆளு விழுந்துட்டான்! பக்கத்தாளு போய்க் கை குடு! மத்தவனெல்லாம் ஒரு நெர தள்ளி நில்லு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அண்ணனும் திரும்பினான். காக்கி ஓரத்துக்கு ஓடினான். காக்கியின் இடத்துக்குக் கட்டம் வந்தான், கட்டத்தின் இடத்துக்கு அண்ணன். குசினித் தரையில் கல் நகர்ந்தது போலவே நகர்ந்தார்கள். சிவப்பு அலை வந்து மோதித் திரும்பிப் போனது. அம்மாவுக்கு இந்த விளையாட்டை யார் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தது என்று நான் வாய் பிளந்து நின்றேன்.

பயத்தை அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அம்மா, நான்தான் சவுக்காரம் போட்டேன். அதான் எல்லாம் செவந்துருச்சு. இப்ப எல்லாரும் ஒவ்வொரு கலர்ல நிக்கிறாங்க. யாரு நம்மாளுன்னே யாருக்கும் தெரியல" என்று அழுதேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரக் கையால் என் தலையைப் பிடித்து மைதானத்தின் பக்கம் திருப்பினாள்.

"சட்டைய ஏன்டி பாக்குற? நிக்கிற நெரையப் பாரு. எனக்கு எல்லாரையும் தெரியுது."