ஒரே எண், இரண்டு குப்பி

ஆயுத பூஜைக்கு சர்வரை நிறுத்த வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோதே எனக்கு அது பிடிக்கவில்லை. திண்டுக்கல்லில் அவர் நடத்தும் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ரத்தம், சிறுநீர், கட்டியிலிருந்து ஊசி போட்டு எடுத்த சதை என்று எல்லாம் எங்களிடம் வரும். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் ஒரு எண் கொடுக்கும். அந்த எண்ணைச் சின்ன ஸ்டிக்கரில் அடித்துக் குப்பியில் ஒட்டுவோம். குப்பியில் பெயர் இருக்காது. எந்த எண் யாருடையது, அவருக்கு என்ன முடிவு வந்தது என்பதெல்லாம் சர்வரில் இருக்கும் டேட்டாபேஸுக்கு மட்டும்தான் தெரியும்.

"வருசம் பூரா ஓடுது. ஒரு நாளு செத்த நேரம் அதுவும் ஓயட்டுமே" என்றார் டாக்டரம்மா.

வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடிய டிஸ்க்கை நிறுத்தினால் அது மறுபடி கிளம்பாமலே போகலாம். எனக்கு அது தெரியும், சொல்லவும் செய்தேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், ஊர்ப் பேச்சில் வேதக்காரர்கள். பூஜை விஷயத்தில் நான் குரலை உயர்த்தினால், "அது வேதக்காரப் பொண்ணு, அப்படித்தான் சொல்லும்" என்று ஆகிவிடும். டாக்டரம்மா அப்படி நினைக்கிறவர் இல்லை. மற்றவர்கள் இருக்கிறார்களே, பூட்டுக்குப் பேர்போன இந்த ஊரிலும் அந்த வாய்களுக்கு ஏற்ற பூட்டு கிடைக்காது. அதனால் என்னால் ஆனதைச் செய்தேன். வழக்கமாக இரவில் தானாக எடுக்கும் பேக்கப்பை, அதாவது டேட்டாபேஸின் முழு நகலை, அன்றைக்கு மதியமே நானே எடுத்துவிட்டேன்.

அதே மதியம்தான் என் அக்காவும் வந்திருந்தாள். அகரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் டீச்சர். மார்பில் ஒரு கட்டி. பார்த்துவிடுவோம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

"கொழுப்புக் கட்டியா இருக்கும்டி. நீ எதுக்கு இம்புட்டுப் பயப்படுற?" என்று சிரித்தாள். அவள் படாத பயத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவே உள்ளே அழைத்துப் போனார். "நம்ம வீட்டு ஆளு. பில்லெல்லாம் போடாதீங்க" என்று போகிற போக்கில் கவுண்டரில் சொன்னார். எங்கள் கூடத்தில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்கு எப்போதும் அப்படித்தான். அக்கா உள்ளே படுத்திருந்த நேரத்தில் நான் வெளியே பேக்கப்பைத் தட்டிவிட்டு, திரையைப் பார்க்காமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் சேலையைச் சரிசெய்துகொண்டே வந்தாள். அவளுடைய குப்பிக்கு எண் விழுந்தது, ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே கொண்டு போனார்கள். பேக்கப் முன்னால் முடிந்ததா, எண் முன்னால் விழுந்ததா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

சாயங்காலம் பூஜை. மைக்ராஸ்கோப்பிலிருந்து மாவாட்டும் கிரைண்டர் மாதிரி சுற்றும் சென்ட்ரிஃபியூஜ் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நிறுத்தி வைத்த சர்வர் பெட்டிக்கு ஒரு முழம் செவ்வந்தி. தீபாராதனை முடிந்து பொரி கடலை கைக்கு வந்ததும் நான் போய் சர்வரைத் திரும்பக் கிளப்ப சுவிட்சைத் தட்டினேன். உள்ளே கடக், கடக் என்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் தூங்கணுமாம்க்கா" என்று கவுண்டர் பெண் கிண்டல் செய்தாள். நான் பொரியை வைத்துவிட்டு மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தேன், சர்வர் கிளம்பவில்லை.

மறுநாள் காலையில் புது டிஸ்க் வாங்கி மாட்டி, மதியம் எடுத்த பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸைத் திரும்பக் கொண்டுவந்தேன். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து நிறைந்தபோது சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பேக்கப்புக்குப் பிறகு பதிந்தவை மட்டும் அதில் இல்லை. அதற்கென்ன, கவுண்டரில் பில் நகல்கள் இருந்தன. அந்தப் பெண் அவற்றைப் பார்த்து, பழைய எண்களையே போட்டு, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிட்டாள். அத்தனையும் ரத்தப் பரிசோதனைகள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அக்காவின் முடிவு மட்டும் வரவில்லை. சதைப் பரிசோதனைக்கு நாள் பிடிக்கும், கேட்டு நச்சரிக்க வேண்டாம் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

அப்படிக் காத்திருந்த ஒரு காலையில் சேவுகம்பட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். விஜயதசமிக்கு மறுநாள் எங்களிடம் மார்புக் கட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டு போனவராம். செல்போனைக் கவுண்டரில் தட்டென்று வைத்தார். முடிவை ஏற்றியதும் மெசேஜைக் கம்ப்யூட்டரே அனுப்பும் என்பதால் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஏந்தாயி, நேத்து ஒரு மெசேஜு வந்துச்சு. ஒண்ணுமில்ல, சாதாக் கட்டின்னு மக படிச்சா. சாமி கும்பிட்டு நிம்மதியாத் தூங்குனேன். இன்னைக்கு இன்னொண்ணு வந்திருக்கு. கேன்சர்னு போட்டிருக்காம். ரெண்டுல எது எனக்கு?"

வாங்கிப் பார்த்தேன். இரண்டு மெசேஜிலும் ஒரே எண். ஒரே பெயர். உட்கார்ந்து சதைக் குப்பிகளின் பதிவைத் திறந்து அக்காவின் பெயரைத் தேடினேன். இல்லை. வேறு மாதிரி எழுதித் தேடினேன். அப்போதும் இல்லை.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அக்காவின் பதிவு பேக்கப்புக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. பில் போட்டவர்கள் எல்லாரும் திரும்ப வந்துவிட்டார்கள், பில் போடாத ஒருத்தி மட்டும் வரவில்லை. சதைக் குப்பிகளுக்கு எண் வரிசை தனி. திரும்பி வந்த டேட்டாபேஸுக்கு அந்த மதியத்தோடு நினைவு நின்றுபோய்விட்டதால், அக்காவுக்குக் கொடுத்த எண்ணை அது யாருக்கும் கொடுக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அடுத்து வந்த சேவுகம்பட்டி அம்மாவுக்கு அதையே தூக்கிக் கொடுத்துவிட்டது. ஒரு எண், இரண்டு குப்பி. அக்காவின் முடிவும் அந்த அம்மாவின் போனுக்கே போயிருக்கிறது.

உள்ளே ஓடி டெக்னீஷியனைப் பிடித்தேன். "முதல்ல வந்த மெசேஜ்தானே முதல் குப்பி? சொல்லுங்க, அதுதானே?" அப்படியானால் சாதாக் கட்டி அக்காவுடையது.

"இல்லக்கா. லீவு முடிஞ்சு ரெண்டும் ஒண்ணாத்தான் சதையைப் பதப்படுத்துற மிஷினுக்குள்ள போச்சு. குப்பியிலேருந்து எடுத்துப் போடுற பிளாஸ்டிக் கூட்டுல பென்சிலால நம்பர் மட்டும்தானே எழுதுறோம். ஒரே ஆளுக்கு ரெண்டு துண்டுன்னு நெனச்சுட்டேன். எது எதுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

டாக்டரம்மா மழுப்பவில்லை. இரண்டு பேரையும் வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி சதை எடுக்க வேண்டும் என்றார். சேவுகம்பட்டி அம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு தெரியாதவகூடப் பூவை ஆளு மாத்திக் குடுக்க மாட்டா. இம்புட்டு மிஷினை வச்சுக்கிட்டு என்னத்தைப் பாக்குறீக?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காதான் அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இந்தத் தடவை குப்பியில் எண்ணோடு பெயரும் எழுதினோம். அக்கா தன் பெயரைத் தானே எழுதினாள், கரும்பலகையில் எழுதுவது போல நிதானமாக, பெரிய எழுத்தில்.

முடிவு வரும்வரை நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. ஜெபமாலையைக் கையில் எடுப்பேன். அக்காவுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது மாதாவே என்று தொடங்கியதுமே நிறுத்திவிடுவேன். அக்காவுக்கு இல்லை என்றால் அந்த அம்மாவுக்கு. மூன்றாவது ஆள் கிடையாது. ஆகவே வாயை மூடிக்கொண்டேன். மனசை மூட முடியவில்லை. அன்றைக்கு பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்ததை நினைத்து நினைத்துப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்ததே, நடக்கும்போது மூச்சு வாங்கியதே, அவராகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அப்படி நினைக்கிற என்னைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தச் சொன்னபோதே தெரிந்துவிட்டது.

சேவுகம்பட்டி அம்மா மகளோடு வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார். "இது என்னோடதுதானே?" என்று கவுண்டரில் கேட்டார், டெக்னீஷியனிடம் கேட்டார், வாசலில் நின்ற வாட்ச்மேனிடமும் கேட்டுவிட்டுத்தான் போனார். நல்ல முடிவு வந்தவருக்கே நம்பிக்கை வரவில்லை.

அக்கா நம்ப மறுத்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. "ஒருக்கா மாத்துனவங்க மறுக்கா மாத்த மாட்டீங்களா? இது அந்தம்மாவோடது" என்றாள். மதுரைக்குப் போய் வைத்தியத்தைத் தொடங்க வேண்டும் என்று மாமா கெஞ்சினார். "சர்வர் கோளாறுன்னு உங்க கொழுந்தியாதான சொன்னா?" என்று அவர் வாயை அடைத்தாள். தினமும் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், பரீட்சைத் தாள் திருத்தினாள். டாக்டரம்மா போன் செய்தால் எடுப்பதில்லை. கட்டி மட்டும் அவளோடு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

நானும் மறுபடி எடுத்த சதையின் பதிவை ஒரு தடவை பார்த்ததோடு நிற்கவில்லை. எண், ஸ்டிக்கர் அடித்த நேரம், குப்பி உள்ளே போன நேரம், முடிவை ஏற்றிய நேரம் என்று ஒவ்வொன்றாக டேட்டாபேஸில் ஒப்பிட்டேன். தப்பு இருந்துவிடக் கூடாது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு, எங்கேயாவது ஒரு தப்பு இருந்துவிடாதா என்று தேடினேன். எல்லாம் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அகரத்துக்கு பஸ் ஏறினேன். அக்கா அடுப்படியில் கீழே உட்கார்ந்து சோற்றுக்கு வெஞ்சனமாக பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

"வாடி" என்றாள். நிமிரவில்லை. நறுக்கிக்கொண்டே கேட்டாள், "நீயே சொல்லு. டாக்டர் சொல்றதெல்லாம் எனக்கு வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரு உன் கையில இருக்கு. மாறியிருக்க வாய்ப்பு இருக்கா, இல்லையா?"

இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரித்துவிடுவாள். எனக்கும் அந்தச் சிரிப்பைப் பார்க்க ஆசையாக இருந்தது.

"இல்லக்கா. அது உன்னோடதுதான்."

கத்தி நின்றது.

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமாக்கா."

அக்கா மிச்சம் இருந்த பீன்ஸையும் நறுக்கி முடித்தாள். சட்டியில் அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு லீவு சொல்லணும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் கூட வா. எனக்குப் பயமா இருக்குடி."