வடக்கே நகர்த்திய இரண்டு டிஸ்க்குகள்

சுவாமிநாதன் கெட்டிக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, அவருக்கு அறவே இல்லை. அடையாறில் பதினாலு பேர் வேலை பார்த்த கம்பெனி ஒன்றில், கம்ப்யூட்டரின் ஆணிவேரான கெர்னலுக்குள் உட்கார்ந்து, எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பகுதியை எழுதினார். தொண்ணூற்றெட்டில் அவர் எழுதி முடித்தது, ஒரே மாதிரி இரண்டு டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் வேலை. முதல் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் இரண்டாவதிலும் அப்படியே இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

எது முதல், எது இரண்டாவது? வயரின் நுனியில் மாட்டியது முதல், நடுவில் மாட்டியது இரண்டாவது. அவ்வளவுதான். டிஸ்க்கிலேயே அதன் பெயரை எழுதி வைத்து, அதைப் படித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் முறை. அதை அவர் செய்யவில்லை. பக்கத்து மேஜை அப்துல் கய்யூம் திருவல்லிக்கேணிக்காரர், கேட்டே விட்டார்.

"சாமி, எவனாவது ஒயரை மாத்திக் குத்திட்டா இன்னா பண்ணுவே?"

"யார் மாத்தப் போறா?" என்றார் சுவாமிநாதன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அவர் மனைவி சூடாமணி, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு மாடிப் போர்ஷனில் பதினெட்டு வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். நாற்பத்து மூன்றாவது வயதில் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால் ஆள் பிழைப்பாள் என்றார்கள். எடுத்தார்கள், பிழைத்தாள். அப்புறம் அந்த வீட்டில் கூப்பிடுவதென்றால் இரண்டு தரம் கை தட்டுவது, பேசுவதென்றால் காகிதத்தில் எழுதுவது என்று ஆயிற்று. அவருக்கான காகிதங்களை கீபோர்டுக்கு அடியில் செருகி வைப்பாள். இந்த மனுஷர் வேறெங்கே பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அங்கே பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் பாடம் நடத்தியபோது பதிவு செய்த அறுபது காசெட்டுகளில் கடற்காற்று பூசணம் ஏற்றிவிட்டிருந்தது. ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை விடாமல் சுவாமிநாதன் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். நாடாக்கள் பிசுபிசுத்து அறுந்துபோக, கடைசியில் குப்பையில் போட்டார். அவள் பாட்டு, நடுவில் அவள் இருமல், "தாளத்தை விட்டுட்டயேடி" என்கிற அதட்டல், எல்லாம் ஒரே ஒரு டிஸ்க்கில் வந்து நின்றது. அதற்குத் துணையாகத்தான் அதே கம்பெனி, அதே அளவில் இன்னொன்று வாங்கி, காலியாகத் தயார்செய்து வைத்தார். சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் அது. ரெண்டையும் அம்பாள் முன்னால் வைத்துவிட்டு விஜயதசமியன்று தொடங்கலாமே என்று சூடாமணி எழுதிக் காட்டினாள். நல்ல யோசனை என்றே அவருக்கும் தோன்றியது.

தம்புரா, பாட்டு நோட்டுகள், அரிவாள்மணை, இவற்றோடு இரண்டு டிஸ்க்குகளும் பலகையில் ஏறின. பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று அவரே பார்த்து வைத்தார். இரண்டுக்கும் அவள் சந்தனம், குங்குமம் இட்டாள்.

மறுநாள் விஜயதசமி காலை, பூஜையை முடித்துவைக்கும் புனர்பூஜை. முடிந்ததும் வைத்ததையெல்லாம் கொஞ்சம் வடக்கே நகர்த்த வேண்டுமல்லவா, அதை அவள்தான் செய்தாள். தம்புராவுக்கு இடம் விட்டு எடுத்து வைத்ததில் டிஸ்க்குகள் இடம் மாறிவிட்டன. அவர் வந்து, இடப்பக்கம் இருப்பதுதான் பழையது என்று அவற்றை எடுத்துக்கொண்டுபோய், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் இரண்டு தட்டு, ஈரக் கையால் தட்டியதுபோல் மங்கலாகக் கேட்டது.

"ஒரு நிமிஷம் இரு, நல்ல நேரம் போயிடும்" என்றார். திரும்பவில்லை.

அவள் இருந்தாள், பிறகு கீபோர்டுப் பக்கம் போய்விட்டு அடுக்களைக்குள் போனாள். அவர் பொத்தானை அழுத்திவிட்டு, நகலெடுக்க ஒன்றரை மணி நேரமாகும் என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, நாள் நன்றாயிருக்கிறதே என்று ஆபீஸுக்குக் கிளம்பினார். அவர் எழுதிய நிரல், நுனியில் இருந்த காலி டிஸ்க்கை முதல் என்று எடுத்துக்கொண்டு, அதன் வெறுமையை ஒரு எழுத்து பிசகாமல் மற்றதன்மேல் எழுதி முடித்தது. அதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை.

சாயங்காலம் வந்து, அவளுக்குப் போட்டுக் காட்டலாமென்று உட்கார்ந்தார். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தார். வயரைப் பார்த்தார். கீபோர்டைத் தூக்கினார். காகிதம் இருந்தது, ஓரத்தில் சந்தன விரல் பதிந்து. "நகர்த்தறச்சே ரெண்டும் இடம் மாறிடுத்துன்னு நினைக்கறேன். பார்த்து மாட்டுங்கோ."

அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிஸ்க் பழுதாயிடுத்து என்று அவளிடம் சொன்னார். அன்றைக்கு அவளுக்காகச் செய்ய முடிந்தது அந்தப் பொய் ஒன்றுதான். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள். மறுநாள் ஆபீஸில், டிஸ்க்குக்குப் பெயர் எழுதும் பகுதியை எழுதினார். பதினோரு வரி. கய்யூம் என்ன ஆயிற்று என்று கேட்டபோது முகம் கழுவப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜை. தம்புராவுக்கும் நோட்டுகளுக்கும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், டிஸ்க்குகளை அவர் பலகையில் வைத்ததும் கையை இழுத்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். ஒரு வருஷமாக அவளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கீபோர்டுக்கு அடியில் காகிதம் இல்லாததை அவளும் பார்த்திருப்பாளே.

"சூடா, தப்பு உன்னுதில்லை. நீ கூப்பிட்டே. நான்தான் திரும்பலை" என்றார்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பாட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

"இன்னொரு தரம் தட்டியிருக்கணும். கை பூரா சந்தனமா இருந்துது."