சும்மா மீன்

பாலர் வகுப்பு டீச்சர் வேலைக்கு எழுத்தும் எண்ணும் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். ஆட வேண்டும், பாட வேண்டும், கரடிக்குத் தோல் தைக்க வேண்டும் என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி நாளைத் தள்ளும் சகோதரிகளே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்?

அறுபதுகளில் ஒரு ஜூன் மாதம். தினமும் சிதம்பரத்தில் ரயிலேறி, கடலூர் முதுநகர் ஜங்ஷனில் இறங்கி, பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக முந்தின வருஷம் ஆரம்பித்த வகுப்பு அது. டவுன் பிள்ளைகள் வந்தார்கள், தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. இந்த வருஷம் முதல் வாரத்துக்குள் வராவிட்டால் வகுப்பையே மூடிவிடுவது என்று நிர்வாகத்தில் முடிவாகியிருந்தது. வகுப்பு போனால் என் வேலையும் போகும். வேலை போனால் கழுத்தை நீட்டச் சொல்ல வீட்டில் ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார்கள். எனக்கு வேலைதான் பிடித்திருந்தது.

எங்கள் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "புள்ளைங்களுக்கு உள்ள வரவே ஆசையா இருக்கணும். தினம் ஒரு நிகழ்ச்சி வச்சு வரவேத்துடும்மா" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வைத்தேன்.

வாங்க வாங்க

திங்கட்கிழமை வரவேற்புப் பாட்டு. நானே எழுதி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. மெட்டு சுமார், வார்த்தை அதைவிடச் சுமார், பாதிக்கு மேல் 'வாங்க வாங்க'தான். பாடி முடித்தபோது புதுப் பிள்ளைகள் எல்லாம் வாசலிலேயே நின்றன. அம்மாக்கள் மட்டும் உள்ளே வந்து பாயில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தர் வெற்றிலைப் பையை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

நல்ல நாளும் அதுவுமாகக் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தவர்களைப் 'போங்க' என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? "போயிட்டு வாங்க" என்று கும்பிட்டேன். எழுந்து போனார்கள். நான் கதவைச் சாத்துவதற்குள் முதுநகர் அம்மா ஒருவர் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். என்னம்மா இது என்று கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை, என் மேல் கொஞ்சம் பரிதாபம்தான்.

"நீங்கதான டீச்சர் போயிட்டு வாங்கன்னீங்க. போயிட்டுதான வந்திருக்கோம்."

கரடி

செவ்வாய்க்கிழமை கரடி வேஷம். ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து சணல் சாக்கில் நான் தைத்த தோல். பியூன் கோவிந்தன்தான் கரடி. ஆடிக்கொண்டே வந்து பிள்ளைகளுக்குப் பெப்பர்மிட் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. கடலூரில் பாதி அம்மாக்கள் 'சாப்பிடலன்னா கரடிகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்' என்று மிரட்டித்தான் சோறூட்டுகிறார்கள் என்ற விவரம் எனக்கு யார் சொன்னார்கள்? கோவிந்தன் வாசலில் தலை காட்டியதும் வகுப்பே அலறியது. நாலு பேர் என் புடவைக்குள் புகுந்துகொண்டார்கள். ஜன்னல் கம்பியில் ஏறியவர்களை அப்புறம் ஒவ்வொருவராகக் கழற்றி எடுத்தோம். ஓட இடம் கிடைக்காத ஒரு பையன் மட்டும் கரடி முன்னால் கை கூப்பி நின்றான்.

"நா மூணு இட்லியும் தின்னுட்டேன். எங்க அம்மாவ வேணா கேளு."

அனுபவசாலி பேசுகிறார்

புதன்கிழமை ஆட்டமும் வேண்டாம் பாட்டும் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே தைரியம் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். ஒன்றாம் வகுப்பு சரசுவை மேஜை மேல் ஏற்றினேன். போன வருஷம் என் வகுப்பில் இரண்டு மாதம் விடாமல் அழுதவள் அவள். 'அப்போ அழுதேன், இப்போ அழறதில்லை' என்று சொல்ல வேண்டும். அழகாகச் சொன்னாள். அத்தோடு இறக்கியிருக்கலாம். பெரிய டீச்சர் கேட்டுக்கொண்டு நிற்கிறாரே என்ற ஆசையில், "ஏன் இப்போ அழறதில்லை, சொல்லு" என்று கேட்டுத் தொலைத்தேன். டீச்சர் ரொம்ப நல்லவங்க என்று சொல்லுவாள் என்று நினைப்பு.

"அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு டீச்சர்."

சும்மா மீன்

மூன்று நாளும் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலையில், கடலிலிருந்து கரையேறிய கையோடு, ஈரத் துண்டோடு ஏழுமலை என்பவர் வந்தார். தோளில் அவர் மகள் பூங்காவனம். அவள் அழுகை அவர்கள் வருவதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. "ஒரு மணி நேரம் பாப்பேன் டீச்சர். அழுவுறத நிறுத்தலன்னா தூக்கினு போயிடுவேன். எங்க தெருவே இதத்தான் பாத்துனு இருக்குது" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் குந்திக்கொண்டார்.

அன்றைக்கு மீன் நடனம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வந்தால் சந்தோஷப்படட்டும் என்று அட்டையில் வெட்டி, ரோஸ் கலர் அடித்து, சிரித்த வாய் வரைந்து, கண்ணுக்கு மை தீட்டி, இமையும் வைத்திருந்தேன். மீனாக ஆட வேண்டிய பெண் கரடியைப் பார்த்ததிலிருந்து பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. வேறு வழியில்லாமல் நானே அதைக் கட்டிக்கொண்டேன். எங்களுடையது சைவ வீடு. சிதம்பரத்தில் கோயில் குளத்தில் பொரி போடும்போது மேலேயிருந்து பார்த்ததுதான் நான் கண்ட மீன். பக்கவாட்டில் எப்படி இருக்கும் என்று சத்தியமாகத் தெரியாது. 'நான்தான் மீன், நான்தான் மீன்' என்று பாடிக்கொண்டு இரண்டு சுற்று வந்தேன். மூன்றாவது சுற்றில் அழுகைச் சத்தம் நின்றிருந்தது. பூங்காவனம் எனக்கு நேர் எதிரே வந்து நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "என்னா மீனு?" என்று கேட்டாள்.

"மீன்தான் கண்ணு" என்றேன்.

"அதான், என்னா மீனு? சங்கராவா, கொடுவாவா, கெளுத்தியா?"

எனக்கு அந்த மூன்றுமே புதுப் பெயர்கள். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏழுமலை உள்ளே வந்து, குனிந்து, என்னைத் தலையிலிருந்து வால் வரைக்கும் ஏலத்தில் மீன் பார்ப்பவரைப் போலப் பார்த்தார். வாய் ஒரு மீனுடையது, வால் வேறு மீனுடையது, செதில் தலைகீழ் என்று முணுமுணுத்தார். பிறகு நான் நிற்கிற நிலையைக் கண்டு மனசு இளகியிருக்க வேண்டும். "விடும்மா, டீச்சர் சும்மா மீனு போட்டிருக்காங்க" என்றார். "சும்மா மீனுன்னு எதுனா இருக்குதா?" என்று அவள் விடவில்லை. அதன்பிறகு என் வாலைப் பிடித்துக்கொண்டு, எது எது தப்பு என்று வகுப்புக்கே விளக்கினாள். ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, நாளைக்கு வருவாளா என்று கேட்டேன். ஏழுமலை என்னையும் அட்டை மீனையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒன்றும் தெரியாதவளிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? அன்று ரயிலில் சிதம்பரம் வரைக்கும் மாப்பிள்ளையின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பூங்காவனம் தன் காலாலேயே நடந்து வந்தாள். கையில் ஓலைப் பெட்டி. மேஜை மேல் வைத்துத் திறந்தாள். உள்ளே சிவப்பாக ஒரு மீன், இமையில்லாமல் என்னையே பார்த்தது. "இதான் சங்கரா. இதப் பாத்து ஒழுங்கா போடு டீச்சர்" என்றாள். நாற்றம் தாங்க முடியாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன். வாசலில் அவள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் தண்ணீர் இல்லை. எனக்குத்தான் வந்தது, அந்தப் பழியை மீன் நாற்றத்தின் மேல் போட்டுவிட்டேன். இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று, அவர்களுக்குப் பின்னால் வந்து நின்ற ஏழுமலையைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மீனு பேரு தெரியாத டீச்சர் ஒண்ணு இருக்குதுன்னு இவ தெருவெல்லாம் சொல்லிட்டா. எல்லாம் பாக்கணும்னு கெளம்பிடுச்சுங்க."

பாட்டுக்கும் கரடிக்கும் வராத பிள்ளைகள், டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்ற நல்ல சேதி கேட்டு ஓடி வந்தார்கள் என்பதுதான் என்னுடைய வரவேற்புக் கலையின் மொத்த வரலாறு.