போர்வை இல்லாமல் கட்டிய பை

அக்கா பை கட்டுவதைப் பார்க்க வேண்டும். சாமான்களையெல்லாம் கட்டிலில் பரப்பிவிட்டு, ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, பாதிக்கு மேல் அலுமாரிக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். மிஞ்சுவது ஒரு மாற்றுடுப்பும் துவாயும் டியூப் ஒட்டும் சாமான்களும்தான். அவற்றைச் சின்னப் பையில் திணித்து, பழைய டியூபைக் கீறி எடுத்த பட்டியால் சைக்கிள் கரியரில் இறுக்கிக் கட்டுவாள். நான் ஒரு சுவெட்டரை ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். “மலை ஏறப்போறது நீயா, உன் அலுமாரியாடா?” என்பாள்.

நாங்கள் இருவரும் கண்டியில் ஆசிரியர்கள். ஏப்ரல் விடுமுறை வந்தால் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். நாற்பது தாண்டிய வயதில் ஒரு டீச்சர் சைக்கிள் மிதிப்பதைத் தெருவே வேடிக்கை பார்க்கும், அக்கா கண்டுகொள்ளமாட்டாள். வத்தேகம, பன்வில என்று ஏறி, முதல் நாள் ராத்தங்கல் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பெரியம்மா வீடு. பிறகு சொந்தக்காரர் வீடு வீடாக மலையைச் சுற்றி வருவோம். அத்தனை சின்னப் பை போதுமானதற்குக் காரணம் அதுதான். ஒருமுறை நான் போர்வை கொண்டுபோனதற்கு, “ஏன், என் வீட்டுல போர்வை இல்லையா?” என்று கேட்ட பெரியம்மா, விடியும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு போர்வை எடுத்ததே இல்லை.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வருடம், அவள் வார்டில் இருந்தபோது, மாசி மாதத்தில் பெரியம்மா இறந்துபோனார். வைத்தியம் முடியும்வரை அக்காவிடம் சொல்வதில்லை என்று வீட்டில் முடிவெடுத்தோம். நோயாளியிடம் சாவுச் செய்தி சொல்லாதது எங்கள் குடும்பங்களில் வழக்கம். அதை அன்பு என்றுதான் நினைக்கிறோம். ஞாயிறு பூசை முடிந்ததும் பெரியம்மா போன் பண்ணுவாரே என்று அக்கா கேட்டபோது, அவருடைய போன் பழுதாகிவிட்டது என்றோம்.

ஏப்ரல் வந்தது. அதற்குள் அக்காவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். “நான் படுத்திருக்கேன்னு சைக்கிளும் படுக்கணுமா?” என்று அக்கா பிடிவாதமாக என்னைக் கிளப்பினாள். கட்டிலில் சாய்ந்தபடியே பையையும் அவள்தான் கட்டினாள். கடைசியில் தன் காலில் கிடந்த போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “போர்வை வேணுமாடா?” என்று கேட்டாள்.

“எதுக்கு? பெரியம்மா கோவிச்சுக்குவாங்க” என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே போர்வையை ஒதுக்கி வைத்தாள்.

மடுல்கெல்ல போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. பெரியம்மாவின் மகன் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டிருந்தான். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டார் தேத்தண்ணீர் தந்து, இருந்துவிட்டுப் போங்க என்று எவ்வளவோ சொன்னார்கள். பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் படுக்க எனக்கு மனம் வரவில்லை. நனைந்துகொண்டே இறங்கினேன், மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று வழியில் கொஞ்சம் அழவும் செய்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது நடுங்கிக்கொண்டிருந்தேன். ஏன் உடனே திரும்பினாய் என்று அக்கா கேட்டாள். பெரியம்மா நன்றாக இருக்கிறார், ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பலும் தந்தார், மழை விடாது போலிருந்ததால் சுற்றுலாவை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று வழியில் யோசித்து வைத்ததை ஒப்பித்தேன்.  சொல்லி முடித்ததும் அக்கா துவாயை எடுத்துக் கொடுத்தாள்.

“பெரியம்மா இருந்தா இந்த மழையில உன்ன இறங்க விட்டிருப்பாங்களா?”

நான் தலையைத் துவட்டுவதுபோல முகத்தை மூடிக்கொண்டேன்.

“போர்வை வேணும்னு நீ சொல்லுவேன்னு பாத்தேன்டா” என்றாள். “போன் நின்னப்பவே தெரியும். யாராவது ஒருத்தர் வாயத் தொறந்தா சேந்து அழலாம்னு இருந்தேன். நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வர்றீங்க. நான் யாருகிட்ட அழுறது?”

அதற்குப் பிறகுதான் எப்போது என்று கேட்டாள். சொன்னேன். கட்டில் ஓரத்தில் ஈர உடுப்போடு உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். பெரியம்மாவுக்காக எங்கள் வீட்டில் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

அடுத்த ஏப்ரலுக்கு அக்கா இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள். சேர்ந்து அழத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.