தண்ணீர் நின்றதற்குச் சாட்சி

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். அம்மன் கொடுத்ததைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று பயம். அதிகம் படித்தவனும் இல்லை. ஆனால் உள்ளேயே வைத்திருந்தால் நெஞ்சு கனக்கிறது.

வடக்குப்பட்டுப் பக்கம் என் வயலுக்கு ஒரு புறம் கம்பெனி மதில், மறுபுறம் கல் நட்ட பிளாட். நடுவில் நான் மட்டும் நெல் வைத்திருந்தேன். அந்த வருஷம் கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற நேரத்தில் புயல் மழை. வடிய வழியில்லாமல் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சாய்ந்த கதிர் தண்ணீருக்குள்ளேயே முளைவிட ஆரம்பித்தது.

வி.ஏ.ஓ. வந்து வயலைப் பார்த்து எழுதினால் அரசாங்கம் நிவாரணம் தரும் என்றார்கள். அதுவரை பயிரைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் மனைவி கேட்டிருக்க மாட்டாள்.

“மகாலச்சுமிய தண்ணியில அழுவ வுட்டுட்டு வூட்ல எப்டிங்க வெளக்கேத்தறது?” என்றாள்.

அறுப்பு மெஷின் அந்தச் சேற்றில் இறங்காது. வரப்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இரண்டு பேரும் அரிவாளோடு இறங்கினோம். அறுத்து அடித்த நெல்லை பிளாட்டுக்குப் போட்ட தார் ரோட்டில் பரப்பினோம். ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒருவன் கத்தினான்.

“இன்னா நைனா, ரோட்டுல நாத்து வுடுறியா?”

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெல் அப்படித்தான் மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது.

வி.ஏ.ஓ. வந்தபோது தண்ணீர் வற்றி, வெறும் தாள்தான் நின்றது.

“பயிரே இல்லியே பெரியவரே. எதை சேதம்னு எழுதறது?”

“ரோட்டுல முளைச்சுக் கெடக்குது பாருங்க சார்.”

“அது எந்த வயல் நெல்லுன்னு மேல கேப்பாங்க.” கொஞ்சம் யோசித்தார். “பக்கத்து வயல்காரங்க ரெண்டு பேர கூட்டினு வாங்க. தண்ணி நின்னுச்சுன்னு சொல்லட்டும், எழுதறேன்.”

நியாயமாகத்தான் கேட்டார். சுற்றிலும் பார்த்தேன். மனை வாங்கியவர்கள் யாரையும் நான் கண்டதே இல்லை. பக்கத்து நிலத்தை விற்றுவிட்டுப் படப்பைக்குப் போன பங்காளிக்குப் போன் போட்டேன்.

“நானே வித்துட்டவன்டா. நான் எப்டி பக்கத்து வயல்காரன்னு சொல்றது?” என்றான். அவன் சொன்னதும் சரிதான்.

கம்பெனி கேட்டிலிருந்து வடக்கத்தி வாட்ச்மேன் தானாகவே வந்தார். தமிழ் வராது. தண்ணீரைத்தான் “பானி, பானி” என்று சொல்லித் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

“இவர் பட்டாதாரர் இல்லீங்களே” என்று வி.ஏ.ஓ. என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அறுவடை முடிந்த வயல் என்று பதிவாயிற்று. நிவாரணம் வரவில்லை.

முளைக்காத நெல்லைத் தனியே பொறுக்கிக் குத்தி அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். புது நெல் பொங்கலை வயல்காரர்கள் கை மாற்றிச் சாப்பிடுவதுதான் முறை. நான் என் மனைவிக்குக் கொடுத்தேன், அவள் எனக்குக் கொடுத்தாள்.

படிப்பவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். முழங்கால் தண்ணீரைக் கழுத்தளவு ஆக்க வேண்டாம். அந்த அதிகாரியைக் கெட்டவராக்கவும் வேண்டாம். தண்ணீர் நின்றது என்று மட்டும், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். எனக்காக அதைச் சொல்ல அன்றைக்குப் பக்கத்து வயல்காரர் யாரும் கிடைக்கவில்லை.